பதினோராவது ஆளின் இடுப்புக் கயிறு

சோப்போலிஸ் தூங்கிக்கொண்டே ஓர் எதிரியைக் கொன்றான் என்று எங்கள் மலைப்பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதுவும் வேலின் தலையால் அல்ல, காலால். மதுக்கடையில் சொல்லும்போது செத்தவன் ஒருத்தன். கிணற்றடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் மூன்று பேராகிவிடுவான். ஆட்டுப்பட்டி வரைக்கும் போனால் அந்த மூவரில் ஒருவன் பக்கத்து நாட்டு இல்லிரிய இளவரசன்.

சரி, உண்மை என்னவென்று விசாரிக்கலாம் என்று போனால் ஒரு சங்கடம். அன்றைக்குச் சோப்போலிஸுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களில் ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. எங்கள் படையைச் செய்துவைத்திருக்கும் லட்சணம் அது.

எங்கள் மாசிடோனிய ராஜாவின் வேல் அணியில் வரிசைக்குப் பதினாறு பேர். ஒருவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன். ஒவ்வொருவன் கையிலும் மூன்று ஆள் நீளத்துக்கு ஒரு வேல். அதில் முதல் ஐந்து பேருடைய வேல்கள்தான் எதிரியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். மிச்சப் பேர் தங்கள் வேலை முன்னவன் தலைக்கு மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வருகிற அம்புகளை அந்தக் கட்டைக் காட்டில் சிக்கவைத்து, முன்னால் இருக்கிற முதுகைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டியது. சோப்போலிஸ் பதினோராவது ஆள். மீசை அரும்பிய வயதில் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார்கள். தாடி நரைத்தபோதும் அங்கேயேதான் நின்றான்.

ஆகவே அவன் கண்ட போர்கள் எல்லாமே லிக்கோஸின் பிடரிதான். லிக்கோஸ் பத்தாவது ஆள். அவன் பிடரியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு மரு உண்டு. மரு சிவந்தால் முன்னால் சண்டை மும்முரம். வெளுத்தால் எதிரியின் குதிரைப்படை கண்ணில் பட்டுவிட்டது. மருவில் ஈ உட்கார்ந்து, லிக்கோஸ் அதை விரட்டாமல் இருந்தால் வெற்றி, எல்லோரும் மூச்சு வாங்குகிறார்கள் என்று பொருள். திரேசியர்களை முறியடித்ததையும், தெற்கத்திக் கிரேக்கர்களை ஓட ஓட விரட்டியதையும் பற்றிப் பந்தியில் பேச்சு வந்தால் சோப்போலிஸ் கண்களை மூடிக்கொண்டு அந்தந்த நாளின் பிடரியை நினைவுக்குக் கொண்டுவருவான். தலையும் ஆட்டுவான்.

இதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் இடுப்பில்தான் இருந்தது.

ஓர் எதிரியையாவது கொல்லாதவன் இடுப்பில் தோல்வார் கட்டக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். கழுதையின் கழுத்தில் கட்டுகிற கயிறுதான் அவனுக்கு. சமவெளி ஊர்களில் இதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டார்கள். அங்கே பணக்காரர்கள் அதிகம், கொன்றவர்கள் குறைவு, அதனால் விட்டிருக்கலாம். மலையில் விடவில்லை. கயிறு கட்டியவனுக்குப் பந்தியில் சாய்ந்து படுக்க மஞ்சம் கிடையாது. வாசலோரம் பொடிப்பயல்களோடு முக்காலியில் உட்கார்ந்து தின்ன வேண்டும். ஆட்டுக்கறி வந்து சேரும்போது எலும்புதான் இருக்கும். இதையெல்லாம் விடப் பெரிது ஒன்று உண்டு. எங்களிடம் கல்யாண ரொட்டியைக் கத்தியால் அறுப்பதில்லை, வாளால்தான் வெட்டுவது. அந்த வாளை எடுத்துக் கொடுக்க வேண்டியது பெண்ணைப் பெற்றவன். கயிறு கட்டியவன் கை வாளில் படக் கூடாது.

சோப்போலிஸுக்குக் கிலேனோ என்று ஒரு மகள். அவள் தவழ்கிற நாளிலிருந்தே அவனுக்கு அந்த ரொட்டியைப் பற்றிய கவலை.

பதினோராவது ஆளின் வேல் எதிரி மேல் பட வேண்டுமானால் முன்னால் நிற்கும் ஆட்கள் அத்தனை பேரும் செத்து விழ வேண்டும். சோப்போலிஸ் நல்ல மனிதன். அப்படியொரு வேண்டுதலை எந்தச் சாமியிடமும் வைத்ததில்லை. ஒரே ஒரு மழைக்காலத்தில் மட்டும், ஒவ்வொரு ஆளாக மனசுக்குள் கழித்துப் பார்த்திருக்கிறான். லிக்கோஸ் வரை வந்து நின்றுவிட்டது. அந்த மருவை விட மனம் வரவில்லை.

வரிசையின் முதல் ஆள் பாலாக்ரோஸ். சோப்போலிஸின் பக்கத்து வீட்டுக்காரன். முதல் போரிலேயே தோல்வார் வாங்கியவன். அதன் பிறகு அவன் கொன்ற கணக்கு, அவன் குடித்த கோப்பைகளைப் பொறுத்துக் கூடிக்கொண்டும் குறையாமலும் இருக்கும். வரிசைத் தலைவன் என்பதால் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். நம்பர்தான். ஊருக்குத் திரும்பி ஆடு மேய்த்தாலும் சோப்போலிஸ் அவனுக்குப் பதினொண்ணுதான்.

இனி அந்த நாளுக்கு வருவோம். ஏரிக்கரைச் சமவெளியில் இல்லிரியர்களோடு சண்டை. படை நெருக்கி நிற்கும்போது நாலு பக்கமும் தோள் இடிக்கும். விழ இடம் இருக்காது. நிற்கிறவன் கண் செருகினால் யாருக்கும் தெரியாது. நடக்கச் சொன்னால் பின்னால் இருப்பவன் தள்ளுகிற தள்ளில் கால் தானாக நடக்கும். சோப்போலிஸ் தூங்கினானா என்று லிக்கோஸைக் கேட்டால் நியாயமாகத்தான் பதில் சொல்கிறான்:

“எம் பிடரியில சூடா மூச்சு பட்டுச்சு. அது மூச்சா கொறட்டையான்னு பிடரிக்கு எப்படித் தெரியும்?”

வேல் அணி மிதித்துக்கொண்டு போகும் வழியில் விழுந்து கிடக்கிற எதிரியைப் பின்வரிசைக்காரன் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. முன்வரிசைக்காரனுக்கு இரண்டு கையும் நீட்டிய வேலோடு போய்விடும். பின்வரிசைக்காரன் வேல் நிமிர்ந்திருக்கும். அதன் அடியில், தரையில் ஊன்றுவதற்காக ஒரு வெண்கலக் கூர் உண்டு. காலில் ஏதாவது மெத்தென்று தட்டுப்பட்டால் குனியாமல், பார்க்காமல், அந்த அடிக்கூரால் ஒரு குத்துக் குத்திவிட்டு நடையைக் கட்ட வேண்டும். குனிந்தால் பின்னால் வருகிறவன் முதுகில் ஏறிவிடுவான். இந்த முறையில் எங்கள் படை இதுவரை குத்தியவற்றில் எதிரிகளைவிடத் தண்ணீர்த் தோல்பைகள்தான் அதிகம். ஒருமுறை படைத்தலைவருக்கென்று சுருட்டி வைத்திருந்த கம்பளியும் அதில் அடக்கம்.

அன்றைக்குச் சோப்போலிஸின் காலில் மெத்தென்று ஏதோ தட்டியது. பழக்கத்தில் குத்தினான். பழக்கத்தில் வேலைத் தூக்கினான். தூக்கிய வேலோடு ஒரு போர்வை வந்தது. நல்ல கம்பளிப் போர்வை, மஞ்சள் கரை போட்டது. அது பன்னிரண்டாவது ஆளின் காலைச் சுற்றிக்கொள்ள, அவன் சோப்போலிஸின் பரம்பரையையே இழுத்துத் திட்ட, அந்தச் சத்தத்தில்தான் இவனுக்கு முழுசாக விழிப்பு வந்தது என்கிறார்கள்.

சாயங்காலம் பாசறையில் பாலாக்ரோஸ் அந்தப் போர்வையைக் கையில் எடுத்துப் பார்த்தான். நடுவில் விரல் நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை.

“ஏய் பதினொண்ணு, இது என்ன?”

“போர்வை, தலைவரே.”

“போர்வை தெரியுதுடா. ஓட்டை?”

“என் வேலோட அடிக்கூர் போட்டது.”

“உள்ள இருந்தவன்?”

சோப்போலிஸ் யோசித்துப் பார்த்தான். “அங்கதான் கெடந்தான்” என்றான். அவனுக்குத் தெரிந்த வரைக்கும் அதில் பொய் ஒன்றும் இல்லை.

பாலாக்ரோஸ் அவனைக் கட்டிப்பிடித்தான். தன் வரிசையில் கடைசியாக மிச்சமிருந்த கயிற்றை வாளால் அறுத்துப் போட்டான். தன்னிடம் உபரியாக இருந்த தோல்வாரைத் தானே கட்டிவிட்டான். பருப்புக் கஞ்சி கொதித்து இறங்குவதற்குள் செத்தவனுக்கு உயரம், தாடி, கோடாரி எல்லாம் முளைத்துவிட்டன. சோப்போலிஸ் அறுந்த கயிற்றைப் பொறுக்கி மூட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

ஊருக்கு வந்ததும் அவன் மனைவி அதேயா போர்வையை ஆற்றுக்கு எடுத்துப்போனாள். நனைக்கும் முன் வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

“ஒரு பொட்டு ரத்தம் இல்லியே. யாரைய்யா கொன்னே? மரக்கட்டையையா?”

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் போர்வையை அலசிப் பிழிந்தாள். வீட்டில் வேறு நூல் இல்லாததால் சிவப்பு நூலால் ஓட்டையைச் சுற்றித் தைத்தாள். பிறகு அவன் இடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, “வார் நல்லாத்தான் இருக்கு உனக்கு” என்றாள். அந்தப் பேச்சு அத்தோடு சரி. கயிற்றை மட்டும் அவன் பார்லி குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். அங்கே அது இருப்பது அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

வருஷங்கள் போயின. கிலேனோ வளர்ந்தாள். பாலாக்ரோஸின் மகனுக்கே அவளைப் பேசி முடித்தார்கள். கயிறு கட்டியவன் வீட்டில் பெண்ணெடுக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பாலாக்ரோஸ், சோப்போலிஸின் தோல்வாரைக் கையால் தட்டிக் காட்டிச் சம்மதித்தான். ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்தன்று சோப்போலிஸ் அந்த ஓட்டைப் போர்வையைத்தான் போர்த்திக்கொண்டு வந்து வாளை எடுத்துக் கொடுக்க வேண்டும். அக்கம்பக்கத்து மலைகளிலிருந்தெல்லாம் அவன் சொந்தக்காரர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதேயா போர்வையைத் துவைத்து வேலியில் போட்டிருந்தாள். மதுச் சாடிகளின் உட்புறம் பூசுகிற கீல் விற்றுக்கொண்டு ஓர் இல்லிரியன் கழுதையோடு வந்தான். சண்டைகள் ஓய்ந்த பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் வியாபாரத்துக்கு வருவது சகஜம்தான். இவன் பெயர் பாத்தோ. கீல் பானையை இறக்கியவன் வேலியைப் பார்த்து நின்றுவிட்டான். பிறகு போர்வைக்குப் பக்கத்தில் போய் அந்தச் சிவப்புத் தையலில் விரலை வைத்தான்.

“இந்தத் தையல் யாரு போட்டதுங்க?”

“நான்தான். ஏன், விலைக்கு வேணுமா?” என்றாள் அதேயா.

“நல்லா இருக்குங்க. மத்ததெல்லாம் எங்கம்மா போட்டது.”

அதேயா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“யோவ், வெளிய வா. நீ கொன்னவரு வந்திருக்காரு.”

சோப்போலிஸ் மாவுக் கையோடு வெளியே வந்தான். ராஜாவுக்காக அத்தனை தேசம் நடந்தும் முகத்துக்கு முகம் அவன் பார்த்த முதல் எதிரி இவன்தான். வட்ட முகம், உடைந்த முன்பல், பிடரி எப்படி இருக்குமோ தெரியவில்லை. “அடி பட்டுச்சா?” என்று கேட்டான்.

“அக்குள்ள சிராய்ப்புதாங்க.”

நடந்ததைப் பாத்தோ சொன்னான். ஓடும்போது செருப்பு வார் அறுந்து விழுந்திருக்கிறான். எழுந்தால் சாவு என்று செத்தவன் மாதிரி கிடந்தான். முன்னால் போன அத்தனை பேரும் மிதித்தார்கள், ஒருவன் மட்டும் குத்தினான். கூர் கைக்கும் விலாவுக்கும் நடுவே இறங்கிப் போர்வையோடு தரையில் பாய்ந்தது. போர்வையை இழுக்கிறார்களே, விடாவிட்டால் நம்மையும் மாசிடோனியா வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்களே என்று தோளில் போர்வையைக் கோத்திருந்த ஊசியைக் கழற்றிவிட்டான். மிச்சப் பேரும் மிதித்து முடித்த பிறகு எழுந்து ஓடினான்.

அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் விஷயம். போர்வை இல்லாமல் வீடு திரும்பியவனை அவன் ஊர் சும்மா விடவில்லை. ஓடும்போது பாரம் என்று அம்மா நெய்த போர்வையைத் தூக்கி எறிந்தவன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேல் அணி முழுசும் மேலே நடந்து போயும் உயிரோடு எழுந்தேன் என்றால் நம்புகிறவர் இல்லை. இந்த ஓட்டையைக் காட்டினால் போதும்.

“அதனால எம் போர்வையைக் குடுத்துடுங்க. தையலைப் பிரிச்சுட்டுக் குடுத்தாக்கூடத் தேவலை.”

சோப்போலிஸ் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, கயிறு, ரொட்டி, வாள், சம்பந்தி என்று எல்லாவற்றையும் சொன்னான். பாத்தோ கவனமாகக் கேட்டான்.

“அப்போ நான் செத்தவனா இருந்தாகணுங்களா?”

“கல்யாணம் முடியிற வரைக்கும்.”

அவன் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாலாக்ரோஸ் வந்துவிட்டான், ரொட்டிக்கு எந்த மாவு என்று கேட்க. வேலியில் போர்வையையும் பக்கத்தில் வெளியூர்க்காரன் ஒருவனையும் பார்த்ததும் மாவு மறந்துபோயிற்று. போர்வையை இறக்கி, ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டிக் கதையை ஆரம்பித்தான். பாத்தோ தன் சாவை முதல் தடவையாக முழுசாகக் கேட்டான். தான் ஏழடி உயரம் என்பதில் அவனுக்குச் சந்தோஷம். கையில் இரண்டு கோடாரி என்பதையும் மறுக்கவில்லை. அதேயா கொடுத்த ரொட்டியையும் வெங்காயத்தையும் கடித்துக்கொண்டே நடுநடுவே சந்தேகம் கேட்டான். குத்து எந்தப் பக்கம் விழுந்தது, உடனே செத்தானா, ஏதாவது சொல்லிவிட்டுச் செத்தானா.

“சொல்லவா?” என்றான் பாலாக்ரோஸ். “அழுதான். சின்னப் புள்ள மாதிரி, அம்மா அம்மான்னு தேம்பித் தேம்பி அழுதான்.”

பாத்தோ ரொட்டியைக் கீழே வைத்தான்.

“அழுதிருக்க மாட்டானுங்க.”

“நீ கண்டியா?”

“அந்தப் பக்கத்து ஆளுங்க அழ மாட்டாங்க.”

“இவன் அழுதான். எங்காதால கேட்டேன்.”

பாத்தோ எழுந்து நின்றான். சட்டையின் இடப்பக்கக் கழுத்தைப் பிடித்து அக்குள் தெரிகிற மாதிரி மெல்ல இறக்கப் போனான். அங்கே அந்தத் தழும்பு இருக்கிறது என்று சோப்போலிஸுக்குத் தெரியும். அது வெளியே வந்தால் தோல்வார் போயிற்று, ரொட்டி போயிற்று, கிலேனோவின் கல்யாணம் போயிற்று. பேசாமல் தலையாட்டினாலே போதும், பாலாக்ரோஸ் வேறு கதைக்குப் போய்விடுவான் என்று நினைக்கவும் நேரமில்லை. வாயைத் திறந்தவன் சோப்போலிஸ்தான்.

“அழல, தலைவரே.”

பாலாக்ரோஸ் திரும்பினான். பதினொண்ணு இதுவரை ஒண்ணாம் நம்பரை எதிர்த்துப் பேசியதில்லை.

“என்ன சொன்னே?”

“அவன் அழல. சத்தமே போடல. நீங்க மொத ஆளு. இது உங்க முதுகுக்குப் பின்னால நடந்தது. அங்க இருந்தவன் நான்.”

அதேயா குதிர்ப் பக்கம் பார்த்தாள். பாலாக்ரோஸின் முகத்தில் நிறம் ஏறி இறங்கியது. லிக்கோஸின் மருவையே படித்துப் பழகிய சோப்போலிஸுக்கு அதைப் படிப்பது கஷ்டமாக இல்லை. இன்னும் ஒரு சொல் கூடினால் சம்பந்தம் முறியும். அவன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அதேயா தண்ணீர் கலக்காத மதுவைக் கோப்பையில் ஊற்றிச் சம்பந்தியின் கையில் திணித்தாள்.

பாலாக்ரோஸ் குடித்தான். கோப்பையின் அடி தெரிந்த பிறகு, “சரி, அழல” என்றான். “பல்லைக் கடிச்சுக்கிட்டே செத்தான். அதுவும் நல்லாத்தான் இருக்கு.”

பாத்தோ சட்டைக் கழுத்தை விட்டான். உட்கார்ந்து மிச்ச ரொட்டியை எடுத்துக்கொண்டான். “அப்படித்தாங்க செத்திருப்பான்” என்றான்.

பாலாக்ரோஸ் போன பிறகு பேரம் சீக்கிரம் முடிந்தது. கல்யாணம் முடிந்ததும் போர்வை பாத்தோவுக்கு. அதுவரைக்கும் அவன் செத்தவன். நம்பிக்கைக்கு ஓர் அடகு வேண்டும் என்று அவன் கேட்டபோது சோப்போலிஸ் உள்ளே போய்க் குதிருக்குப் பின்னாலிருந்து அந்தப் பழைய கயிற்றை எடுத்து வந்தான். இதை ஊரில் காட்டி நடந்ததைச் சொன்னால் தன் கதி என்ன ஆகும் என்பதையும் சொல்லியே கொடுத்தான். பாத்தோ அதை இழுத்துப் பார்த்து, உறுதியான கயிறு என்று கழுதையின் கழுத்தில் கட்டினான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சோப்போலிஸ் போர்வையோடு வந்து வாளை எடுத்துக் கொடுத்தான். வாளையும் அவன் கையையும் யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் ஓட்டையைத்தான் பார்த்தார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் விரலை விட்டும் பார்த்தார்கள். சோப்போலிஸ் சம்பந்தி என்ற முறையில் மாப்பிள்ளை வீட்டு மஞ்சத்தில் சாய்ந்து படுத்து, எலும்பு இல்லாத கறியைத் தின்றான். லிக்கோஸ் முன்னால் படுத்திருந்ததால் பழக்கப்பட்ட காட்சிதான் தெரிந்தது.

பந்தி கலைகிற நேரத்தில் பாலாக்ரோஸ் எழுந்து நின்றான். இந்தப் போர்வை இனிமேல் இரண்டு குடும்பத்துக்கும் பொது, பேரப்பிள்ளைகள் பார்த்து வளர வேண்டும் என்று சொல்லி, சம்பந்தியின் தோளிலிருந்து அதை எடுத்துப் போய்த் தன் வீட்டுச் சுவரில், தன் கேடயத்துக்குப் பக்கத்தில், ஆணி அடித்து மாட்டிவிட்டான். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். வாசலோரம் முக்காலியில், கீல் விற்கிற வெளியூர்க்காரனும் கைதட்டினான். வேறு என்ன செய்வான், அவன்தான் செத்துவிட்டானே.

அதன் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும், படை ஒரு நாயை இரண்டாக வெட்டி, அந்தப் பாதிகளின் நடுவே நடந்து தன்னைச் சுத்தம் செய்துகொள்கிற சடங்கு மாதத்தில், பாத்தோ வருகிறான். அதேயா அவனுக்காகவே ஒரு புதுப் போர்வை நெய்து வைத்தாள், அதே மஞ்சள் கரையோடு. அவன் தடவிப் பார்த்தான்.

“கையில பிடிச்சா தெரியுதுங்க, அருமையான நெசவு. ஆனா ஓட்டை இல்லீங்களே.”

சோப்போலிஸ் தன் வேலை எடுத்து வந்து அடிக்கூரால் ஓர் ஓட்டை போட்டுத் தருவதாகச் சொன்னான். பாத்தோ முகம் சுளித்தான். அது பொய்யாகிவிடும் என்றான்.

இவ்வளவு நாளாக வருகிறவன் என்பதால் பாலாக்ரோஸும் அவனை உள்ளே கூப்பிட்டுப் போர்வையைக் காட்டுகிறான், கதையையும் சொல்கிறான். செத்தவன் இப்போது ஒன்பதடி. பாத்தோ சுவருக்குப் பக்கத்தில் நின்று, சிவப்பு நூல் நைந்துபோகிறதா என்று பார்த்துக்கொள்கிறான். ஒரு வருஷம் கரையில் பூச்சி அரித்திருந்ததைக் கண்டு கீல் புகை போடச் சொல்லி, கொஞ்சம் கீலைக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டுப் போனான். சோப்போலிஸ் வாசலிலேயே நின்றுகொள்வான். உள்ளே போய் அந்த இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க அவனால் முடிவதில்லை. பேரனுக்குக் காட்டிவிட்டுக் கொண்டுவருகிறேன், கழற்றிக் கொடுங்கள் என்று போன வருஷம் சம்பந்தியிடம் கேட்டுப் பார்த்தான். பேரன் பார்க்கட்டும், சுவரிலேயே பார்க்கட்டும் என்று பதில் வந்தது.

இந்த வசந்தத்தில் பாத்தோ வந்தபோது பழைய கழுதை செத்துப் புதுக் கழுதை. வேலியோரம் அதைக் கட்டிவிட்டு, “என்னைக் கொன்னவரே, என்னாச்சு நம்ம பாக்கி?” என்று கேட்டான். சோப்போலிஸ் கழுதைக்குத் தண்ணீர் வைத்தான். அது குனிந்து குடிக்கும்போது கழுத்தைப் பார்த்தான். கயிறு அதேதான். அவன் இடுப்பில் இருந்த காலத்தில் விழுந்த முடிச்சுகூட அப்படியே இருந்தது.